சர்க்கரை போடாத டீ

சரிதாவுக்குச் சர்க்கரை நோய் கிடையாது. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது காரணமில்லாத அழுகையும் பயமும் வந்து, பெங்களூரில் ஒரு மனநல மருத்துவரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறாள். கெலவரப்பள்ளிப் பக்கம் நிலபுலனோடு இருக்கிற குடும்பம் அதை வெளியே சொல்லுமா? "என் பொண்ணுக்குச் சுகர்" என்று அம்மா மாதம்மாள் ஊர் முழுக்கச் சொல்லிவைத்தாள். அன்றிலிருந்து எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் சரிதாவுக்கு இனிப்பில்லாத டீதான். அவளும் வாயை மூடிக்கொண்டு குடித்தாள்.

போன மாதம் தம்பி ஹரீஷ் கேட்டான். "அக்கா, அந்தச் சுகர் மாத்திர சாப்பிட்டா தூக்கம் வருமா? எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது. எதப் பாத்தாலும் பயமா இருக்கு."

அம்மா பக்கத்திலேயே இருந்தாள். "அது ஒனக்கு ஆகாதுடா" என்றாள் சரிதா.

சில நாளில் அவன் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டான். நெஞ்சுவலி என்று ஊருக்குச் சொன்னார்கள்.

கருமாதியன்று எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்த அத்தை, அப்பாவின் அக்கா, சரிதாவிடம் தனி டம்ளரை நீட்டினாள். "ஒனக்குச் சர்க்கர போடல கண்ணு."

சரிதா டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்குச் சுகரே இல்ல அத்த. மனசுதான் சரியில்ல. நான் திங்கறது அதுக்கு மாத்திர. ஹரீஷுக்கும் அதேதான் இருந்துச்சு. அவன் நெஞ்சு வலிச்சு சாவல."

மாதம்மாள் எழுந்து வந்து மகளின் தோளை அழுத்திப் பிடித்தாள்.

"சுகர் ஏறிப்போச்சு அண்ணி. என்னென்னமோ பேசறா."