மடங்கிய இரண்டு விரல்கள்

1998 ஜூன் 14, ஞாயிறு. வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்தேன். பல் துலக்கினேன், வெந்நீர் வைத்தேன், வாசல் கூட்டினேன். சவரம் செய்த பிளேடைத் துடைத்து அதன் காகிதத்திலேயே மடித்து வைத்தேன். முந்தைய நாள் டைரியைப் படித்து, ஒரு ஒற்றெழுத்தைத் திருத்தினேன். சந்தைக்குப் போய் அவரைக்காயும் கோழியும் வாங்கி வந்தேன். கல்யாணம் செய்துகொள்ளாதவனின் ஒழுங்கு இது. கலைத்துவிட வீட்டில் ஆளில்லை.

ஞாயிறு மதியம் மட்டும் கலையும். மஞ்சக்குட்டையிலிருந்து தங்கை கமலாவும் அவள் கணவர் ராசுவும் மகளோடு சாப்பிட வருவார்கள். அன்று சாப்பாடு முடிந்ததும் மருமகள் டி.வி. முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து நகப்பூச்சுப் புட்டியைத் திறந்தாள். அந்த வாசனை என் மூக்கில் ஏறிய கணம் எனக்கு வயது முப்பத்துநான்கு ஆகிவிட்டது.

உங்களுக்கு அது நகப்பூச்சு வாசனை. எனக்கு அது ஃபிலிம் சிமெண்ட். ஏற்காட்டில் தகரக் கூரை போட்ட சினிமாக் கொட்டகை ஒன்று இருந்ததல்லவா, அதில் நான் ஆப்பரேட்டர். சேலத்திலிருந்து பஸ் மேல் கட்டி வரும் படப்பெட்டிகளைப் பிரித்து, ஒவ்வொரு ரீலையும் கையால் சுற்றிப் பார்த்து, கிழிந்த இடத்தை வெட்டி, பிளேடால் மேல்பூச்சைச் சுரண்டி, சிமெண்ட் தடவி ஒட்டுவேன். மழைக்காலத்தில் கூரை இடுக்கு வழியே மூடுபனி உள்ளே வந்து, புரொஜெக்டர் ஒளியில் சோப்பு நுரைபோல் மிதக்கும். கதாநாயகி அழும் காட்சியில் அவளுக்கு முன்னால் புகை போகும். ஜனங்கள் அதையும் படம் என்றே நினைத்தார்கள்.

வாசனை இப்படி ஒருபுறம் இழுத்துக்கொண்டிருக்க, டி.வி.யில் அன்றைய படம் தொடங்கியது. கறுப்புத் திரை, ஒற்றைத் துப்பாக்கிச் சத்தம், அதன் பிறகுதான் பெயர்கள். யார் படம் என்று சொல்லவே வேண்டாம். கமலா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். போகும்போது, "அந்தாளு படத்த இந்த ஊட்டுல போடாதீங்கண்ணா" என்றாள். ராசு மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்த இயக்குநரின் பெயரை நான் எழுத மாட்டேன். இத்தனை வருட டைரியிலும் எழுதியதில்லை. 'அந்தாள்' என்றுதான் இருக்கும். இது என் பழிவாங்கலின் மிகச் சிறிய பகுதி.

அந்தாளுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர் படத்தில் கத்தி கூட அழகாக வெளியே வரும். ரத்தம் சொட்டினால் கீழே வெள்ளைக் காப்பிப் பூ இருக்கும். இரண்டு வாரம், தினம் மூன்று காட்சி, ஆப்பரேட்டர் அறையின் ஓட்டை வழியாக அதைப் பார்த்தவன் நான். திறமை இல்லாதவராக இருந்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

டி.வி.யில் அன்று ஓடிய அந்தப் படத்தின் ஜீப் காட்சியை இங்கே எங்கள் மலையில்தான் எடுத்தார்கள். கதாநாயகனுக்குப் பதிலாக ஜீப் ஓட்ட ஓர் ஆள் வேண்டும் என்று ஜீப் ஸ்டாண்டில் கேட்டபோது, எல்லோரும் ராசுவைக் காட்டினார்கள். மூடுபனியில் கண்ணை மூடிக்கொண்டே மஞ்சக்குட்டை போய்ச் சேருவார் என்று அவருக்குப் பேர். கறுப்புக் கோட்டும் தொப்பியும் மாட்டி உட்கார வைத்தார்கள். முதல் தடவை ஓட்டியதில் வேகம் போதவில்லையாம். இரண்டாவதிலும் போதவில்லை. சாலை நனைந்திருக்கிறது, இதற்கு மேல் ஆகாது என்று ராசு சொன்னார். அந்தாள் நாற்காலியை விட்டு எழவில்லை. சிகரெட்டைக் கையில் வைத்தபடி, பயமிருந்தால் வேறு ஆள் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாராம். எங்கள் ஜீப்காரனிடம் சொல்லக் கூடாத ஒரே வார்த்தை அது.

மூன்றாவது தடவை ராசு வேகமாக வந்தார். அந்த வளைவில் திரும்பினால் சேர்வராயன் கோயில் மலை நேர் எதிரே வரும். எங்கள் ஊர் டிரைவர்கள் அந்த இடத்தில் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து நெற்றியைத் தொடுவார்கள். பஸ் டிரைவரும் தொடுவார், லாரி டிரைவரும் தொடுவார். யோசித்துச் செய்வதல்ல, கை தானாகப் போகும். ராசுவின் கையும் போனது. ஜீப் வழுக்கியது.

சின்ன வயதில் எஸ்டேட்டில் காப்பிப் பழம் உரிக்கும் மிஷினில் சிக்கி, ராசுவின் வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் மடங்கியே நின்றுவிட்டன, சுண்டு விரலில் நகமும் போய்விட்டது. அதனால் அவர் கும்பிடு எப்போதும் இரண்டு விரல் கும்பிடுதான்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். தமிழ்நாடு முழுக்கப் பையன்கள் இரண்டு விரலை மடக்கி, இரண்டு விரலால் நெற்றியைத் தொட்டுக்கொண்டு திரிந்தார்களே, சாவதற்கு முன் கதாநாயகன் செய்யும் அந்த ஸ்டைல், அது இவர் கை. மடங்கிய விரல்கள் அடக்கி வைத்த கோபத்தின் குறியீடு என்று அந்தாள் பத்திரிகையில் பேட்டி கொடுத்தார். அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை.

ராசுவின் இடது கால் மூன்று இடத்தில் முறிந்தது. படப்பிடிப்பு வண்டிகள் மறுநாளே இறங்கிப் போய்விட்டன. ஆஸ்பத்திரிக்கு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கிளச்சை மிதிக்க முடியாத டிரைவர், ஸ்டாண்டில் நின்று ஆள் கூப்பிடத் தொடங்கினார். கமலா தலைச்சோலைத் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கப் போனாள். அதுவரை என் தங்கை கூலிக்குப் போனதில்லை.

அடுத்த வருடம் அந்தப் படம் பெட்டிகளில் ஏறி என்னிடமே வந்தது.

ரீலைச் சுற்றிப் பார்த்தபோது அந்தக் காட்சி கைக்கு வந்தது. கறுப்புக் கோட்டு முதுகு, மேலே போகும் கை, சாயும் ஜீப், நடுவில் எங்கும் வெட்டே இல்லாமல் ஒரே நீளம். பிளேடை எடுத்து, முன்னும் பின்னும் அளந்து, ஒரு ஃபிரேம் கூடப் பிசகாமல் வெட்டி, மிச்சத்தை ஒட்டினேன். என் வாழ்க்கையிலேயே சுத்தமான ஒட்டு அதுதான். ஏற்காட்டில் மட்டும் ஜீப் வளைவுக்கு வரும், அடுத்த நொடி பள்ளத்தில் எரியும். என் தங்கை புருஷன் விழுவதற்கு இந்த ஊரில் ஒருவனும் விசிலடிக்க மாட்டான்.

விசிலடிக்கவில்லைதான். ஸ்டைல் காட்சி எங்கே என்று கேட்டு என் மேல் செருப்பு வந்தது. தையல்கடை சலீம்தான் அந்தாள் ரசிகர் மன்றத்துக்குத் தலைவர். அப்போது மீசை முளைத்த புதிது. மன்றத்தார் எல்லோருக்கும் அதே கறுப்புக் கோட்டைத் தைத்துக் கொடுத்திருந்தான். அவன் வேன் பிடித்து அத்தனை பேரையும் சேலத்துக்கு அழைத்துப் போய் முழுப் படத்தையும் காட்டினான். ஆக, என் பழிவாங்கலால் அந்தாளுக்கு ஒரு வேன் கூட்டம் கூடுதலாகக் கிடைத்தது.

அந்தக் கை ராசுவுடையது என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஜீப்போடு விழுந்தது மட்டும்தான் ராசு, கையைக் காட்டியது கதாநாயகன் என்று மன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வெட்டி எடுத்து என் தகர டப்பாவில் பத்திரப்படுத்தியிருந்த துண்டைக் காட்டினால் வெட்டியவன் யார் என்று தெரியும், வேலை போகும். வாயை மூடிக்கொண்டேன். ஒருநாள் ஸ்டாண்டில் ராசு வழக்கம்போல மலையைப் பார்த்து நெற்றியைத் தொட, சலீம் கடையிலிருந்தே சிரித்தான். "ஏனுங்ண்ணா, தலைவர் ஸ்டைலு உங்களுக்கு வர மாட்டேங்குதே. வெரல இன்னுங் கொஞ்சம் மடக்கோணும்."

ராசுவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சலீமை என் கணக்கில் அன்றே சேர்த்துவிட்டேன்.

ராசு நம் கொட்டகையில் அந்தப் படத்தைப் பார்த்தபோது எதுவும் கேட்கவில்லை. அவர் முறிந்த காலுக்கு மருந்துபோல நான் அந்த வெட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தாளை எங்கள் குடும்பமே வெறுக்கிறது என்ற நிம்மதியில் பதினான்கு வருடம் இருந்தேன்.

ஞாயிறன்று டி.வி.யில் ஜீப் வளைவுக்கு வந்தது. கை மேலே போனது. ராசு லேசாக விசிலடித்தார். உடனே அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இத நான் சேலத்துலயே பாத்துட்டனுங்க மச்சான்."

எப்போது என்று கேட்டேன்.

"காலு காட்டப் போறப்பெல்லாந்தான். ஆஸ்பத்திரியத் தாண்டுனா கொட்டாய். நீங்க வெட்டுனது நொம்ப நாளாத் தெரியுமுங்க. கமலாவுக்காகச் செஞ்சீங்க, இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

எனக்குக் காது சூடானது. "அந்தாளு படத்தையா மாப்ள அத்தன தடவ பாத்தீங்க?"

"அந்தாளு கெடக்கறானுங்க. நான் எங் கையப் பாக்கப் போனனுங்க." திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார். "கை மேல போனதும் கொட்டாயே எந்திரிச்சு அதே மாதிரிக் கும்புடு போடுமுங்க. அவனுக்குப் போடறதா பசங்க நெனச்சுக்குவானுங்க. நான் இருட்டுல உக்காந்து வாங்கிக்குவேன்."

அவர்கள் போன பிறகு டைரியை எடுத்தேன். தேதி மட்டும் எழுதினேன். அந்தாளுக்கு அத்தனை பக்தர்கள் தகுமா என்று இத்தனை வருடம் மனத்துக்குள் வழக்காடியவன் நான். அந்தப் பக்தர்களில் பாதிப் பேர் யாருடைய கணக்கில் வர வேண்டியவர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் பழி தப்பான இடத்தில் வெட்டியிருக்கிறது. பழி வேண்டாம் என்று ஆகிவிடவில்லை. இடம்தான் மாற வேண்டும்.

கொட்டகை இப்போது இல்லை. தகரத்தைப் பிரித்து விற்றுவிட்டார்கள், அந்த இடத்தில் லாட்ஜுக்கு வருகிறவர்கள் கார் நிறுத்துகிறார்கள். பஸ் மேல் படப்பெட்டி வருவதில்லை. சிமெண்ட் புட்டியில் அடியில் கொஞ்சம் பிசின் காய்ந்து கிடக்கிறது. கறுப்புக் கோட்டுகளையும் காணோம், மன்றத்தில் மிஞ்சியிருப்பது சலீம் ஒருவன்தான். தையல் மிஷினுக்கு மேலே அந்தாள் படத்தைச் சட்டம் போட்டு மாட்டி, இன்றும் கடை திறந்ததும் இரண்டு விரலால் வணங்கிவிட்டுத்தான் ஊசியில் நூல் கோக்கிறான்.

மறுநாள் காலை பல் துலக்கவில்லை, வெந்நீர் வைக்கவில்லை. தகர டப்பாவைத் திறந்தேன். துண்டில் பச்சையும் நீலமும் போய் எல்லாம் சிவப்பாகியிருந்தன, கை மட்டும் தெளிவாக இருந்தது. அதையும் என் பழைய பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு, சலீம் கடைக் கதவைத் திறக்கும் முன்பே போய் நின்றேன். இரண்டையும் அவன் கையில் கொடுத்தேன். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒவ்வொரு ஃபிரேமாகப் பார்த்தான். நகமில்லாத சுண்டு விரலில் வெகுநேரம் நின்றான். எதிரே ஸ்டாண்டில் முதல் ஜீப் புறப்பட்டது. ராசு அதன் பின்பக்கத்தைத் தட்டிவிட்டு, மலையைப் பார்த்து நெற்றியைத் தொட்டார். சலீம் கண்ணாடியை இறக்கி அந்தக் கையைப் பார்த்தான். பிறகு கடைக்குள் போனான். அன்று அவன் படத்தைக் கும்பிடவில்லை.