கழற்றாத பொன்னாடை

ஷார்ஜாவில் மகன் வீட்டோடு வாழ்ந்த ஆண்டுகளில், எங்கள் தமிழ் மன்றத்தின் தலைமைப் பொறுப்பு என்மீது சுமத்தப்பட்டிருந்தது. சுமத்தப்பட்டது என்பது அடக்கம்; கேட்டு வாங்கிக்கொண்டேன் என்பதே மெய். பொன்னாடை போர்த்துவதும் போர்த்தப்படுவதுமே அப்பொறுப்பின் சாரம். பர் துபாய்க் கடையில் வாங்கிய பளபளப்பான துணி தோளில் ஏறும், நிழற்படம் எடுப்பர், உடனே அதைக் கழற்றிப் பின்னால் நிற்பவரிடம் தந்துவிட வேண்டும். தோளிலேயே வைத்திருப்பவரை நம்மவர் சற்று ஐயத்தோடுதான் நோக்குவர்.

எங்கள் எதிர்வீட்டில் பாலத்தீனப் பெண்மணி ஒருவர் இருந்தார்; பள்ளி ஆசிரியை. ஹெப்ரோன் அருகே, மலைச் சிற்றூர் ஒன்றில், அவருடைய பெரியம்மாவின் தலைமையில் மகளிர் கூட்டுறவுச் சங்கம் இயங்கியது. கறுப்புத் துணியில் செந்நூலால் சிறு சிறு பெருக்கல் குறிகளாகத் தைத்தே மரமும் மலரும் எழுப்புவர். வாங்குவோர் குறைந்ததால், மூடிவிடலாமா என்ற பேச்சு அங்கே எழுந்திருந்தது. "இனி நம் பொன்னாடைகளை அவர்களே தைக்கட்டும்!" என்று செயற்குழுவில் முழங்கினேன். முதலில் இரண்டு வரட்டும், விழாவில் பார்த்துவிட்டு ஆண்டு முழுமைக்கும் சொல்லலாம் என்றார் செயலாளர். அவ்விரண்டையும் முடிக்க அப்பெண்களுக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது.

சித்திரை விழா வந்தது. ஆசிரியை முன்வரிசையில் அமர்ந்திருந்தார். சிறப்பு விருந்தினரான மருத்துவருக்கு முதலாவதைப் போர்த்தினேன். அவர் முறை வழுவாமல் அதைக் கழற்றி உதவியாளரிடம் தந்தார். உதவியாளர் சுருட்டி நாற்காலிக்கடியில் வைத்தார். ஆசிரியை எழுந்து வெளியேறினார்.

நான் பின்னாலேயே ஓடினேன். ஓடினேன் என்பது என் முழங்கால்களின் கருத்து. பார்த்தவர்கள் நடந்தேன் என்பர். ஆசிரியை ஆங்கிலத்தில் சொன்னவற்றை, உடன் வந்த என் மனைவி பின்னர் வீட்டில் நடித்துக்காட்டிய தமிழிலேயே தருகிறேன்; 'உஸ்தாத்' என்பது அரபியில் 'ஐயா'.

"உஸ்தாத், துணியில என்ன குறை?"

"குறையொன்றும் இல்லை, அம்மையீர். கழற்றுவதே எங்கள் மரபு; பணிவின் அடையாளம்."

"போட்டதும் கழட்டுறதா மரியாதை?"

நான் ஆங்கிலத்திலும் செம்மையான நடையிலேயே விளக்கினேன். முடித்தபோது எனக்கே விளங்கவில்லை.

"யாரு போட்டுக்கிட்டாங்க, எப்படி இருந்துச்சுன்னு எங்க பெரியம்மா கேப்பாங்க. நாற்காலிக்குக் கீழ கெடந்துச்சுன்னு சொல்லவா? கலாஸ், முடிஞ்சுது. உங்க ஆர்டர் வேண்டாம்."

பின்தொடர்ந்து வந்த செயலாளர் என் காதருகே குனிந்தார். "ஐயா, இன்னொண்ணு உங்களுக்குத்தான் வச்சிருக்கோம். கழட்டாம உக்காந்துடுங்க, அந்தம்மா பாக்கட்டும்."

"விழா முடியற வரைக்கும்?" என்றார், என் மனைவி அதை ஆங்கிலத்தில் சொல்லக் கேட்ட, விவரமறிந்த ஆசிரியை.

"முடியும் வரை" என்று வாக்களித்தேன். நிகழ்ச்சி நிரலின் நீளத்தை அக்கணம் நினைக்கவில்லை. அதை வகுத்தவனும் நானே.

நெரிசலில் அரங்கின் குளிரூட்டி தோற்றுவிட்டிருந்தது. எனக்குப் போர்த்தி நிழற்படம் எடுத்ததும், வலக்கை பழக்கத்தால் தோளுக்கு ஏறியது. முன்வரிசையில் ஒரு புருவம் உயர்ந்தது. முடி கோதுபவன்போல் கையைத் தலைக்குத் திருப்பினேன். அங்கே கோத ஏதுமில்லை என்பது மன்றம் முழுதும் அறிந்த செய்தி. பட்டிமன்றம் நடந்தது, நடுவர் தீர்ப்பை நீட்டினார். சிறுவர் நடனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கம்பளி போர்த்திய நோயாளியைப்போல் வியர்த்து அமர்ந்திருந்தேன்.

விருந்தில், ராஸ் அல் கைமா சிமெண்ட் ஆலையிலிருந்து வந்திருந்த அன்பர் ஒருவர் கை நீட்டினார். "ஐயா, கழட்ட மறந்துட்டீங்களே! குடுங்க, நான் புடிச்சுக்கறேன்."

"மறக்கவில்லை, தம்பி."

"அவரு இன்னிக்குப் புது மாப்பிள்ளை. தொடாதீங்க" என்றாள் என் மனைவி. அந்தப் பந்தி முழுவதும் சிரித்தது.

கை கழுவித் திரும்பியபோது ஆசிரியை வழிமறித்தார். துணியின் ஓரத்தை நேராக இழுத்துவிட்டார். கைப்பேசியால் என்னைப் படம் எடுத்தார்.

"இது பெரியம்மாவுக்கு. யல்லா, ஆகட்டும், எத்தனை வேணும், சொல்லுங்க."

செயலாளர் மகிழ்ந்து எண்ணிக்கை சொன்னார். ஆசிரியை ஒப்புக்கொண்டு, நிபந்தனை ஒன்றும் வைத்தார்: "ஒவ்வொரு விழாவுக்கும் எனக்கு முன்வரிசையில சீட் வேணும்."

அச்சங்கத்துக்கு அந்த ஆண்டு முழுதும் தையல் இருந்தது. எங்கள் மன்றத்திலோ, தமக்குப் பொன்னாடை போர்த்துமாறு என்னிடம் தூதனுப்புவோரின் கூட்டம் அன்றிலிருந்து மெலியத் தொடங்கியது.