குகைக்குள் பூட்ஸ் காலோடு வந்த வீரன்

அடையாறில் முரளி வீட்டிலிருந்து இப்போதுதான் வந்தேன். வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள் குழுவில் எல்லோருக்கும் இந்த மெயிலைத் தட்டுகிறேன்.

பகடை உருட்டி, ஆளுக்கொரு வேடம் போட்டு, பேசியே ஆடும் நம் விளையாட்டுதான். மயிலாப்பூரில் என் வீட்டில் ஆடினால் நீங்கள் வீரர்கள். நான் அனுப்பும் அரக்கர்களை வெட்டித் தள்ளுவீர்கள். முரளி இன்று அதைத் தலைகீழாக்கிவிட்டான். நாங்கள் அரக்கர்கள், குகைதான் எங்கள் வீடு, எங்களைக் கொல்ல ஒரு வீரன் வருகிறான்.

"இதெல்லாம் ஒரு ஐடியாவாடா?" என்று சொல்லிக்கொண்டேதான் உட்கார்ந்தேன்.

"வீரன் கதவை உடைச்சுட்டு உள்ள வர்றான்," என்றான் முரளி.

அரக்கியாக ஆடிய சுதா, "பூட்ஸை வெளியில விட்டுட்டு வரச் சொல்லு. இப்பதான் வீட்டைத் துடைச்சேன்," என்றாள்.

"கழட்ட மாட்டானாம். நேரா சமையக்கட்டுக்குப் போறான்."

"சமையக்கட்டுக்குள்ள பூட்ஸ் காலோடவா!"

கத்தியது நான்தான். சுதா கையிலிருந்த பகடையைப் பிடுங்கி உருட்டினேன். வீரன் அங்கேயே விழுந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். முரளியைப் பார்த்துத்தான்.

என் ஆட்டத்தில் இத்தனை அரக்கர்கள் செத்தார்கள். ஒருத்தன் வீட்டுக்காவது சமையலறை வைக்க எனக்குத் தோன்றியதா?

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் வழக்கமான ஆட்டம், பஜ்ஜி உண்டு. வருகிறவர்கள் பதில் போடுங்கள். எல்லோரும் முரளி வீட்டுக்குத்தான் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், பஜ்ஜியை அங்கேயே எடுத்து வந்துவிடுகிறேன்.