பைரவர் என்று ஒரு பலகை

பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் பக்கத்து அபார்ட்மென்ட் சாந்தாமணி யாரையும் லேசில் நம்பமாட்டாள். டேகேர்க்காரி பிள்ளையைச் சிரித்தபடி வாங்கினால்கூட, "ஏன் இவ்ளோ சிரிக்கிறா?" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

புருஷனோடு வந்த விசாவில் இங்கே வேலை பார்க்க முடியாததால், தொண்ணூற்றெட்டில் கம்யூனிட்டி காலேஜில் வரலாறு படித்தாள். நான்தான் காரில் கூட்டிவருவேன். ஒருநாள் பாடத்தைச் சொன்னாள். பிரிட்டனைப் பிடித்த ரோமானியர், அங்கே வெந்நீர் ஊற்றில் இருந்த சூலிஸ் என்ற அம்மனைத் தங்கள் மினர்வாவோடு சேர்த்து, சூலிஸ் மினர்வா என்று கோயில் கட்டினார்களாம்.

"நல்லதுதானடி?"

"ரெண்டும் ஒண்ணுன்னு யாரு டிசைட் பண்ணுனது? சூலிஸைக் கும்பிட்டவங்களைக் கேட்டாங்களா?"

குறைமாதத்தில் பிறந்த மகன் பிழைத்தால், இங்கே எழும்பும் கோயிலில் குலசாமி கருப்பசாமிக்கு இடம் வாங்கித் தருவதாக அவளுக்கு வேண்டுதல். பிள்ளை பிழைத்தான். அதற்காகவே கோயில் விழாக்களுக்கெல்லாம் புளியோதரை கிளறிக் கொடுத்தாள்.

கோயில் கமிட்டித் தலைவர் டாக்டர் பசுபதி. பேச்சைக் கேட்டால் மயிலாப்பூர்க்காரர் என்றுதான் தோன்றும். கமிட்டிக் கூட்டத்தில் சாந்தாமணி அவரிடம் வேண்டுதலைச் சொன்னாள்.

"கருப்பசாமின்னா மத்தவங்க ஒத்துக்க மாட்டாங்கம்மா. பைரவர்னு வச்சிடலாம். ரெண்டும் ஒண்ணுதான்."

"இந்த ஆளு மேல எனக்கு டவுட்டு," என்று என் காதில் சொன்னாள் சாந்தாமணி. ஊரிலிருந்து கொண்டுவந்த சின்ன அரிவாளை மேசையில் படுக்க வைத்தாள். டாக்டர் பேச்சுவாக்கில் பழத்தட்டிலிருந்து எலுமிச்சையை எடுத்து, அரிவாள் நுனியில் குத்தி, அதை நிமிர்த்திச் சுவரோரம் சாத்தினார். கருப்பனைக் கும்பிட்டு வளர்ந்தவன் கைதான் அப்படிப் போகும். எனக்கே திக்கென்றது.

பார்க்கிங் லாட்டில் அவரை மறித்தாள். "சார், உங்களுக்கும் கருப்பன்தான் குலசாமியா?"

"அதெல்லாம் அப்பா காலத்தோட போச்சு. விடும்மா."

"அப்ப பலகையில அந்தப் பேரையும் சேத்து எழுதுங்க."

"பாக்கலாம்."

கும்பாபிஷேகத்தன்று பலகையில் 'ஸ்ரீ பைரவர்' மட்டும் இருந்தது. அர்ச்சகர் சொன்ன நூற்றெட்டுப் பெயரிலும் கருப்பன் இல்லை. மகனைத் தூக்கிக்கொண்டு நின்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ரோமானியன்கூட சூலிஸ் பேரை விட்டுவச்சான்க்கா," என்றாள்.

டாக்டர் கண்ணை மூடி, உதடசையக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய்க் கேட்டாள்.

"சார், இப்ப எந்தப் பேரைச் சொல்லிக் கும்பிட்டீங்க?"

அவர் சட்டென்று கண்ணைத் திறந்தார். யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று சுற்றிலும் பார்த்தார்.