நித்திரையடைந்தோர் பக்கம்

எங்கள் சபையின் மாதப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து படித்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கையில் வாங்கியதும் திருப்பிக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அங்கேதான் ‘நித்திரையடைந்தோர்’ இருப்பார்கள். அந்த மாதம் செத்துப்போனவர்களைப் பற்றி ஆளுக்குப் பத்து வரி. மாய்ந்து மாய்ந்து பிரசங்கம் எழுதிய போதகர்மாருக்குக் கிடைக்காத வாசகர்கள் அந்தப் பக்கத்துக்குக் கிடைத்தார்கள்.

நான் எழுதப் பழகியது அந்தப் பக்கத்தில்தான். குளச்சலுக்கு வடக்கே பனங்காட்டுக்குள் எங்கள் ஊர். பனையேறி வீட்டுப் பெண்ணான என்னை மிஷன் விடுதிப் பள்ளியில் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். எங்கள் ஊர் உபதேசியாருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்ததால், நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மரணக் குறிப்பு எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார். பதினைந்து வயதில், சாவு விழுந்த வீடுகளுக்குப் போய், அழுதுகொண்டிருப்பவர்களிடம் விவரம் கேட்டு எழுதினேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

முதலில் எழுதியது மேலத்தெருக் கிழவி ஒருத்தியைப் பற்றி. கடைசி மூச்சு வரைக்கும் மருமகளைத் திட்டிக்கொண்டே செத்தவள். நான் திட்டு விஷயத்தை விட்டுவிட்டு, அவள் நன்றாக ஓலைப்பெட்டி முடைவாள், ஊரில் பாதிப் பிள்ளைகளின் பிரசவத்தைப் பார்த்தவள் என்றெல்லாம் உள்ளதை எழுதி அனுப்பினேன். அச்சாகி வந்தபோது என்னுடையது என்று சொல்ல அதில் அவள் பேர் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. ‘வியாதியைப் பொறுமையோடே சகித்து, ஞானப்பாட்டுகளைப் பாடி, யாவரையும் மன்னித்து’ அவள் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. ஆனால் அந்த மருமகள் மறுநாளே வந்து, அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்ச் சுவரில் ஒட்டிவைத்தாள். அது பொய்யென்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் தான் மன்னிக்கப்பட்டதாக ஒரு இடத்தில் எழுதியிருப்பது அவளுக்குத் தேவைப்பட்டது.

பத்திரிகையைப் பார்த்துக்கொண்டவர் வயதான ஒரு போதகர். பொறுமை, பாட்டு, மன்னிப்பு, இந்த மூன்றையும் நான் எழுதாவிட்டால் அவர் எழுதிவிடுவார். அவர் எழுதினால் சப்பென்று இருக்கும். அதற்கு நானே எழுதினால் நன்றாகவாவது இருக்குமே என்று தோன்றிவிட்டது. அதன் பிறகு என் குறிப்புகளில் அவர் கை வைக்கவில்லை. ‘உனக்குக் கை வந்துவிட்டது மகளே’ என்று ஒரு தடவை சொல்லியனுப்பினார். அந்த இரண்டு மூன்று வருஷத்தில் எங்கள் பக்கத்தில் செத்த எல்லோரும் என் தயவில் சமாதானமாகவே செத்தார்கள்.

இனி என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பா பனையிலிருந்து விழுந்து செத்தார். அப்போது அவருக்குக் காய்ச்சல். அண்ணன்தான் அவருக்குப் பதிலாக ஏறிக்கொண்டிருந்தான். குழித்துறையில் கூட்டாளி ஒருவனுக்குக் கல்யாணம் என்று போனவன், சொன்ன நாளில் திரும்பவில்லை. பனையேற்றில் ஒரு வேளைகூடத் தள்ளிப்போட முடியாது. காலையும் மாலையும் பாளையைச் சீவாவிட்டால் அது காய்ந்து, அக்கானி என்று நாங்கள் சொல்லும் பதநீர் நின்றுபோகும். அக்கானி இல்லையென்றால் காய்ச்சக் கருப்பட்டி இல்லை, எங்களுக்குக் கஞ்சியும் இல்லை. அப்பா காய்ச்சலோடு ஏறினார். அண்ணன் கல்யாணத்துக்குப் போட்டுப்போன நல்ல சட்டையோடு ஊருக்குள் நுழைந்தபோது அவரைப் பாயில் கிடத்தியிருந்தார்கள்.

ஊரில் யாரும் அண்ணனைக் குறை சொல்லவில்லை. பனையேறி பனையில் சாவது அதிசயமில்லை. ஆனால் அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு அம்மா அவனைப் பார்த்து, “அப்பனைக் கொன்னவன் நீதாம்லே. இனி எனக்க கண்ணு முன்னால நிக்காத” என்றாள். நான் அடுப்படியில் இருந்தேன். அந்த வாரமே அவன், ஆள் சேர்க்க வந்த ஒரு கங்காணியோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டான். பிறகு நாங்கள் போட்ட கடிதங்கள் ஆள் இல்லையென்று திரும்பி வந்தன. எந்தத் தோட்டத்திலும் அவன் நிலைத்து நிற்கவில்லை.

நான் பள்ளியில் கடைசி வகுப்புப் படிக்கும்போது அம்மாவுக்கு இருமல் கண்டது. நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக் கூட்டிப்போனோம். சயரோகம் என்றார்கள். கொஞ்ச நாள் அங்கே வைத்திருந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நான் படிப்பை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் இருந்தேன்.

அந்தச் சமயத்தில் இலங்கையிலிருந்து எங்கள் உறவுக்காரர் ஒருவர் ஊருக்கு வந்தார். எனக்குச் சித்தப்பா முறை. அம்மாவைப் பார்க்க வந்தவரிடம் அவள் அண்ணனைப் பற்றிக் கேட்டாள்.

“போன வருசம் ஒரு தோட்டத்துல பாத்தேன் மைனி. இப்ப அங்க இல்லையாம். எங்க கெடக்கானோ” என்றார். பிறகு, ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்பதுபோல, “ஆனா எங்க இருந்தாலும் ஊர்ச் சேதி அவனுக்குத் தெரியும். நம்ம பத்திரிகை எல்லாத் தோட்டத்துக்கும் வருதுல்லா. ஞாயித்துக்கிழமை ஜெபம் முடிஞ்ச ஒடனே ஒராளு சத்தமா வாசிப்பாரு. பிரசங்கத்துல ஒறங்கினவனும் அந்தக் கடைசிப் பக்கத்துக்கு முழிச்சுக்கிடுவான்” என்றார்.

அவர் போன பிறகு அம்மா என் பக்கம் திரும்பினாள். “உசிரோட இருக்கவியளப் பத்தி அதுல போடமாட்டாவளா?” என்று கேட்டாள். நான் போதகருக்கு எழுதிக் கேட்டேன். பத்திரிகை தபாலாபீஸ் அல்ல என்று பதில் வந்தது. அதை அம்மாவிடம் கொஞ்சம் மென்மையாக்கிச் சொன்னேன்.

“அப்ப செத்தாத்தான் அவனுக்குச் சேதி போவும்” என்றாள் அவள். “எனக்குள்ளதை இப்பவே எழுது மக்ளே. நான் இருக்கும்போதே வாசிச்சுக் காட்டு.”

நான் அழுதேன். அழுகையெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

என்னிடமிருந்த நல்ல சொற்களையெல்லாம் போட்டு எழுதினேன். பொறுமையும் பாட்டும் தாராளமாக வந்தன. ‘தூரதேசத்திலிருக்கும் தமது குமாரனை மனதார மன்னித்து’ என்ற இடத்தில் குரலைச் சற்று இறக்கியே வாசித்தேன். வாசித்து முடித்ததும் அவள் பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் எதுக்கு அவனை மன்னிக்கணும்?” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. இருமல் ஓயும்வரை காத்திருந்து அவள் சொன்னாள். “அன்னைக்கு ஒனக்க அப்பா ஏறமாட்டேன்னுதான் படுத்துக் கெடந்தாவ. கண்ணைச் சுத்துதுன்னு சொன்னாவ. பாளை காஞ்சு போவும், எந்திரியுங்கன்னு நான்தான் அரிவாளை எடுத்துக் கையில குடுத்தேன். இதை யாருட்டயும் சொல்லல. அவன் வந்து நின்ன ஒடனே பழியத் தூக்கி அவன் மேல போட்டுட்டேன்.”

எனக்கு அவள்மேல் ஆத்திரம் பொங்கியது. நெஞ்சுக்கூடு தெரியக் கிடக்கிற ஒருத்திமேல் அப்படி ஆத்திரப்படக் கூடாதென்று தெரிந்தும் வந்தது. எனக்கு ஒரு அண்ணன் இருந்தான், அவனை இவள் துரத்தினாள், அதுவும் தன் குற்றத்தை மறைக்கத் துரத்தினாள். அன்று அவளுக்குக் கஞ்சியை வாயில் ஊட்டாமல் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். அந்தக் கோபம் இன்றைக்கும் முழுக்கப் போய்விட்டதென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் எழுத வேண்டியது நான்தான். உட்கார்ந்து யோசித்தேன். இது எழுதப்படுவது ஒரே ஒருவனுக்காக. அவனிடம் போய்ச் சேர வேண்டுமானால் முதலில் போதகரின் கையைத் தாண்ட வேண்டும். அந்தப் பக்கத்துக்கென்று ஒரு நடை இருக்கிறது, அதை விட்டு விலகினால் அடித்து நீக்கிவிடுவார். அந்த நடைக்குள்ளேயே இதை எப்படிச் சொல்வது? ஒரு போதகருக்கு மன்னிப்பைவிடவும் பிடித்தமானது பாவ அறிக்கைதான் என்று கணக்குப் போட்டேன். ‘தமது புருஷன் காய்ச்சலோடே பனையேறினது தம்முடைய வற்புறுத்தலினால் என்றும், தமது குமாரன்மேல் யாதொரு குற்றமும் இல்லையென்றும், அவனிடத்தில் தாம் மன்னிப்புக் கேட்பதாகவும் அறிக்கைசெய்து நித்திரையடைந்தார்.’ பள்ளியில் எந்தக் கட்டுரைக்கும் நான் இவ்வளவு பாடுபட்டதில்லை. எழுதி முடித்தபோது, இதில் அவர் கை வைக்க முடியாது என்று நம்பினேன்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“மன்னிப்புக் கேக்கேன்னு இருக்கா?”

“இருக்கும்மா.”

“அவங்கிட்டன்னு இருக்கா? ஆண்டவர்கிட்டன்னு போட்டுராத. அதை நான் தனியாக் கேட்டுக்கிடுதேன்.”

அதன் பிறகு தினமும் விளக்கு வைத்ததும் அதை ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். சாவுக்கு அவள் அவசரப்பட ஆரம்பித்தாள். இதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஒரு மாதக் கடைசியில், பத்திரிகைக்கு எப்போது எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன். “அப்ப இந்த மாசம் தப்பிப் போச்சு” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் போய்ச் சேர்ந்தாள். பாட்டுப் பாட அவளுக்கு மூச்சு இல்லை. இரவெல்லாம் மூச்சுக்குப் போராடி, விடியும்போது என் கையைப் பிறாண்டிக்கொண்டே போனாள். அடக்கம் முடிந்ததும் குறிப்பைத் தபாலில் சேர்த்தேன்.

பத்திரிகை வந்தது. வாசலில் நின்றபடியே கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பொறுமை இருந்தது. இந்தத் தடவை நான் எழுதாமல் விட்ட பாட்டும் இருந்தது. அதற்கு அடுத்த வரியில், ‘தமது புருஷனின் மரணத்துக்குக் காரணமாயிருந்த குமாரனுடைய குற்றத்தை மனதார மன்னித்து’ என்று இருந்தது. ஊரில் யாருக்கும் தெரியாத, அம்மா அவன் முகத்துக்கு நேரே மட்டும் சொன்ன அந்தப் பழி, இப்போது அச்சில் இருந்தது.

மறுநாளே நடந்துபோய்ப் போதகரைப் பார்த்தேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

“பெற்ற தாயைப் பற்றி அப்படி அச்சில் வரலாமா மகளே?” என்றார். “புருஷனைச் சாகடித்தவள் என்று ஊர் பேசும். நாளைக்கு அந்த வீட்டில் வந்து உன்னைப் பெண் கேட்பார்களா? மகன்மேல் இருந்த பழியைத் தாய் தன்மேல் போட்டுக்கொண்டதாக நீ துக்கத்தில் எழுதிவிட்டாய் என்று நான்தான் மாற்றிப் போட்டேன்.”

“ஐயா, அது அண்ணனுக்காக எழுதினது. அவனுக்கு வேறு வழியில் சேதி போகாது.”

“பத்திரிகையை ஒருத்தனுக்காக அடிப்பதில்லை, மகளே.”

அடுத்த மாதம் ஒரு திருத்தமாவது போடும்படி கெஞ்சினேன். செத்தவர்கள் பக்கத்தில் திருத்தம் போடும் வழக்கமில்லை என்றார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். என் தலையில் கைவைத்து ஜெபம் செய்து அனுப்பினார். வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பாவ அறிக்கையை விரும்புகிற போதகரை மனதில் வைத்துக்கொண்டு நான் எழுதினேன். வாசித்தவரோ, தாயில்லாத பெண்ணுக்கு ஒரு கல்யாணம் ஆகவேண்டுமே என்று கவலைப்பட்ட வயசாளி. அந்த ஆளுக்கு எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பேர் தெரிந்த தோட்டங்களுக்கெல்லாம் அண்ணன் பேருக்குக் கடிதம் போட்டேன். சில திரும்பி வந்தன, சில வரவில்லை. அடுத்த வருஷம் சித்தப்பா மறுபடி ஊருக்கு வந்தபோது நானே தேடிப்போய்க் கேட்டேன். அவர் வேலைபார்த்த தோட்டத்துக்கே அண்ணன் வந்து சேர்ந்திருந்தானாம். அந்த ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வாசித்தபோது முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தானாம்.

“அம்மைக்க பேரு வந்த ஒடனே எந்திரிச்சு நின்னுட்டான். முழுக்க வாசிச்சு முடிச்சதும் எல்லாரும் அவன் மூஞ்சியத்தான் பாத்தோம். எங்க யாருக்கும் அதுவரை ஒண்ணும் தெரியாதே. மறுநாள் லயத்துல அவன் இருந்த வீட்டுக்குப் போயிப் பாத்தா ஆளு இல்ல.”

“ஒண்ணும் சொல்லலியா சித்தப்பா?”

“வெளிய வரும்போது எங்கிட்ட மட்டும் சொன்னான். ‘உசிரோட இருந்தப்ப எங்கிட்ட மட்டுந்தான் சொன்னா. சாவும்போது ஊருக்கெல்லாம் சொல்லிட்டுப் போயிட்டா’ன்னான்.”

அவர் என்னைத் தேற்ற நினைத்திருக்க வேண்டும்.

“ஆனா ஒண்ணு மக்ளே, நல்லா எழுதியிருந்த. அம்மை மன்னிச்ச எடத்தைக் கேட்டு அங்க உள்ள பொம்பளையளு எல்லாம் அழுதுட்டாளுவ” என்றார்.