மாப்பிள்ளை விசாரிக்க வந்தவன்

அந்த ஆள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து கேசரி தின்றான். ஒரு தட்டு தின்றுவிட்டு, அம்மா இன்னும் கொஞ்சம் வைத்தபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேலை போனதைக்கூட என்னால் யோசித்துப் பார்க்க முடிகிறது. இதை மட்டும் இன்றைக்கும் முடியவில்லை. மரியாதைக்கு 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். பேனா போகவில்லை.

எங்கள் தெரு பீர்க்கன்கரணை ஏரிக்குக் கீழே இருக்கிறது. அப்பா பல்லாவரம் பக்கம் கல் உடைக்கப் போவார். அம்மா நடவு, களை என்று எந்தக் கழனியில் கூப்பிட்டாலும் போவாள். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். பி.ஏ. வரை போனதால் தெருவில் யாருக்குத் தபால் வந்தாலும், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டியிருந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் போய்விடும். அந்தக் கால்வாயை ஒரு வருவாய்த்துறை அதிகாரி தன் மைத்துனன் பெயருக்குப் பட்டா போட்டுக் கொடுத்தார். அரசாங்கப் புறம்போக்கு, தண்ணீர் ஓடுகிற இடம், எல்லோருக்கும் தெரிந்த கால்வாய். அதைத் தூர்த்து, மதில் எழுப்பி, மாடி வைக்கிற அளவுக்கு அஸ்திவாரம் போட்டு வீடு கட்டினார்கள். அந்த வருஷத்து மழைக்குத் தண்ணீர் போக வழியில்லாமல் எங்கள் வீடுகளுக்குள் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா இட்லி சுட்டு விற்பவள். அவளுடைய மாவுப் பானை படகு மாதிரி மிதந்து தெருவுக்குப் போயிற்று. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் போய் நின்றோம்.

மழை விட்டதும் தெருவே கிளம்பி அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போயிற்று. மனுவை நான் எழுதியிருந்தேன். வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி அதைப் படித்தேன். தாம்பரத்து ஸ்டூடியோக்காரர் ஒருவர் போட்டோ எடுத்தார். அதிகாரி பின்பக்கமாகப் போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார். நடந்தது இவ்வளவுதான். கல் எறியவில்லை, கண்ணாடி உடையவில்லை. மனுவை மேலதிகாரிக்கு அனுப்பினோம். மேலே போன மனு, 'விசாரித்து அறிக்கை அனுப்பவும்' என்ற குறிப்போடு கீழே வந்தது. யாரிடம் வந்தது? யார் மேல் புகார் சொன்னோமோ அவரிடமே வந்தது. இதுதான் இவர்களுடைய நேர்மை. தன்னைத் தானே விசாரித்து, தன் மேல் தப்பில்லை என்று அவரே கையெழுத்துப் போட்டுக்கொண்டார்.

பிறகு நெருக்கடி நிலை வந்தது. மின்சார ரயிலில் வாய் ஓயாமல் அரசியல் பேசியவர்களெல்லாம் ஜன்னல் வழியாக மீனம்பாக்கத்தையும் பரங்கிமலையையும் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் நான் எழுதிய பரீட்சையில் தேறி, குமாஸ்தா வேலைக்குத் தேர்வானேன். போலீஸ் விசாரணை முடிந்ததும் உத்தரவு வரும் என்றார்கள்.

"காக்கிச் சட்ட போட்டுகினு ஒருத்தர் வருவாரும்மா. கேட்டதுக்கு பதில் சொல்லு, பயப்படாத" என்று அம்மாவிடம் சொல்லி வைத்தேன். அம்மா காக்கிச் சட்டைக்காகக் காத்திருந்தாள்.

வந்தவன் வெள்ளைச் சட்டை போட்டு, கரை வேட்டி கட்டியிருந்தான். கையில் மஞ்சள் பை. தெருமுனை சலூனில் போய் உட்கார்ந்து முகச்சவரம் செய்யச் சொல்லியிருக்கிறான். முகத்தில் சோப்பு போட்டுக்கொண்டிருக்கும்போதே, "இந்தத் தெருவுல பி.ஏ. படிச்ச பையன் ஒருத்தர் இருக்காராமே, ஆள் எப்படி?" என்று கேட்டான்.

எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாண வயதுப் பையனைப் பற்றி இப்படிக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண் வீட்டார் வந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் தெருவுக்கு ஒரு கடமை உண்டு. பையன் கறுப்பென்றால் மாநிறம் என்பார்கள். குடிக்கிறவன் என்றால் மோர்கூடத் தொடமாட்டான் என்பார்கள். சண்டைக்காரர்கள்கூட அன்றைக்கு மட்டும் நல்லது சொல்வார்கள். அடுத்த மாதம் அவர்கள் வீட்டுக்கும் இப்படி யாராவது வரவேண்டுமே.

சலூன் அண்ணன் கத்தியைத் தோல் வாரில் தீட்டிக்கொண்டே ஆரம்பித்துவிட்டார். "இன்னா சார் பையன்னு கேட்டுட்ட? தலைவரு சார் அது! இந்தாண்ட கீற பசங்க அத்தினி பேரும் அது கிழிச்ச கோட்டத் தாண்டமாட்டானுங்க. கலெக்டரு வந்தாரு பாரு, பெஞ்சு மேல ஏறி நின்னு மூஞ்சிக்கு நேரா கேட்டுச்சு. கலெக்டருக்கே வேர்த்துப் பூட்ச்சு!"

எந்தக் கலெக்டரும் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. அவர் சொன்ன பெஞ்சு, சலூன் வாசலில் கிடக்கும் பெஞ்சுதான்.

அடுத்தது பக்கத்து வீட்டு அக்கா. "பீடி, சிகரெட்டு உண்டா?" என்று அவன் கேட்டதற்கு, "அந்தப் பேச்சே கெடையாது சார். ராவெல்லாம் புக்குதான். வூட்டுக்குள்ள பொட்டி பொட்டியா புக்கு கீது. அதப் பாக்க தெனம் பத்துப் பேராச்சும் வந்துகினே இருப்பாங்க. எந்த ஆபீசருக்கும் பயப்படாது. இந்தக் காலத்துல இப்டி ஒரு புள்ள கெடைக்குமா?" என்றாள். என்னிடம் இருந்தது ஒரு தகரப்பெட்டி. அதில் கல்லூரிப் பாடப் புத்தகங்கள். பார்க்க வருகிற பத்துப் பேர் ரேஷன் கார்டுக்காரர்கள்.

அக்காவே அவனை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்து, தன் வீட்டு நாற்காலியையும் கொண்டு வந்து போட்டாள். அம்மா ரேஷன் சர்க்கரை முழுவதையும் கொட்டிக் கேசரி கிண்டினாள். அவன் தின்றுகொண்டே கேட்டான். சொந்தக்காரர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள்? ஊரப்பாக்கத்தில் சித்தி, பொழிச்சலூரில் மாமா, வீட்டுக்கு அடையாளத்தோடு அம்மா சொன்னாள். பையனுக்கு நெருங்கிய சிநேகிதர்கள் யார்? அதையும் சொன்னாள். ஜாதகம் கேட்டான், கொடுத்தாள். பிறகு தயங்கித் தயங்கி, "பொண்ணு இன்னா படிச்சிருக்குதுங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

அந்த இடத்தில் அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். குறைந்தபட்சம் எழுந்து போயிருக்கலாம். "பி.யு.சி. முடிச்சிருக்காம்மா. தையல் தெரியும். அமைதியான பொண்ணு" என்றான். ஒரு பெயரும் சொன்னான். இல்லாத பெண்ணுக்குப் பெயர்!

போகும்போது அக்கா ஓடிப்போய் போட்டோ ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அலுவலக வாசலில் கூட்டத்துக்கு நடுவில் நான் மனுவைப் படிக்கும் போட்டோ. "இத எடுத்துக்கினு போ சார், பொண்ணாண்ட காட்டு. எம்மாம் கம்பீரமா நிக்குது பாரு."

அன்று சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது தெருவே என்னைப் பார்த்துச் சிரித்தது. "இன்னா மாப்ள, எங்களுக்கெல்லாம் சாப்பாடு உண்டா?" என்று சலூன் அண்ணன் கத்தினார். அம்மா அந்தப் பெண்ணின் பெயரை வீட்டு மனுஷி பெயரைப் போலச் சொன்னாள். பெட்டியில் இருந்த ரவிக்கைத் துணி ஒன்றை எடுத்து, இந்த நிறம் அவளுக்குப் பிடிக்குமா என்று என்னிடம் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? பிடிக்கும் என்றேன்.

சில நாள் கழித்துக் காக்கிச் சட்டை வந்தது. சைக்கிளில் வந்த ஒரு கான்ஸ்டபிள், ஐயா கூப்பிடுகிறார் என்றார். ஒருவழியாக விசாரணைக்கு அழைத்துவிட்டார்கள் என்று சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனேன். மேஜைக்குப் பின்னால் ஒரு போலீஸ் அதிகாரி. ஓரமாக ஸ்டூலில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர். அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ராத்திரியெல்லாம் என்ன புத்தகம் படிக்கிற?" என்று அதிகாரி ஆரம்பித்தார். "பெட்டி பெட்டியா வெச்சிருக்கியாமே?"

"பாடப் புத்தகம் சார். ஒரு பெட்டிதான்."

"தினம் பத்துப் பேர் வந்து போறாங்களாமே. ஏரியா பசங்க நீ கிழிச்ச கோட்டைத் தாண்டமாட்டாங்களாமே. கலெக்டர் முன்னாடி பெஞ்சு மேல ஏறிப் பேசினியாமே. எந்தக் கலெக்டர், எப்போ?"

பெஞ்சு என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. அந்த அதிகாரியின் வாயிலிருந்து சலூன் அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். அக்கா பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு நல்லது நடக்கட்டும் என்று அவர்கள் கூட்டிச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் மேல் குற்றமாகத் திரும்பி வந்தது. மேஜை மேல் என் போட்டோ கிடந்தது.

"ஊரப்பாக்கம் சித்தி வீட்ல யார் யார் வந்து தங்குறாங்க?" என்று கேட்டபோது நான் ஸ்டூலின் பக்கம் திரும்பினேன். "நீங்கதான் எங்க வீட்டுக்கு வந்தீங்களா?"

அவன் கூச்சப்படவே இல்லை. "உங்கம்மா கேசரி நல்லாக் கிண்டுறாங்க தம்பி" என்றான்.

அதிகாரி சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, தகப்பன் மாதிரிப் பேசினார். "படிச்ச பையன், எதிர்காலத்தைக் கெடுத்துக்காத. அந்த ஏரி மனுவுல எழுதினது தப்பு, யாரோ தூண்டிவிட்டு எழுதிட்டேன்னு ஒரு காகிதம் குடு. ரிப்போர்ட் நல்லபடியாப் போகும், வேலைக்குப் போய்ச் சேரு. அந்த ரெவின்யூ ஆபீசரும் பிள்ளைகுட்டிக்காரர், நேத்துகூட வந்து வருத்தப்பட்டுட்டுப் போனார்."

ஆக, இத்தனையும் எதற்கு? நாட்டுக்கு ஆபத்தென்று இவர்கள் ஒற்றறியவில்லை. ஒரு மதில் சுவருக்காக. ஓர் அதிகாரியின் மைத்துனன் கட்டிய மதில் நிற்பதற்காக அரசாங்கத்தின் சம்பளத்தில் ஒருவன் வேட்டி கட்டிக்கொண்டு வந்து என் அம்மாவிடம் பெண் பேசினான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "இல்லடா, பொண்ணு பேருகூடச் சொன்னாரே" என்றாள். மறுபடி சொன்னேன். "பேரு சொன்னாரே" என்று அதையே திரும்பச் சொன்னாள். அக்கா நாற்காலியைத் தெருவில் போட்டு அலம்பினாள். சலூன் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "பின்னந்தலையில ஒட்ட வெட்டியிருந்தான்பா. மிலிட்டரின்னு நெனச்சேன். பொண்ணுக்கு அப்பன் மிலிட்டரின்னா நல்ல எடந்தானேன்னு இன்னும் ரெண்டு சேத்து வுட்டேன். கழுத்து கத்திக்குக் கீழதான்டா இருந்துச்சு!"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதிக் குடுத்துட்டு வேலய வாங்கிக்கடா. தண்ணி வந்தா கட்டில் மேல ஏறிக்கலாம்" என்றாள்.

"நீ ஏறிக்குவ. எங்க வூட்ல கட்டில் ஏது?" என்றாள் அக்கா. "தம்பி, நீ பொய்யின்னு எழுதிக் குடுத்தா, எம் பானை மிதந்துச்சே, அதுவும் பொய்தானா?"

நான் காகிதம் கொடுக்கவில்லை. போய், எழுதியது உண்மை, மாற்றிச் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேலை உத்தரவு வரவில்லை. இல்லை என்றும் ஒரு தபால் வரவில்லை. போய்க் கேட்டால், 'ரிப்போர்ட் சாதகமா இல்ல' என்பார்கள். என்ன ரிப்போர்ட் என்றால், அதைக் காட்டக்கூடாது என்பார்கள். என்னைப் பற்றி எழுதியதை நான் மட்டும் படிக்கக்கூடாதாம்.

இப்போது நெருக்கடி நிலை போய்விட்டது. ரயிலில் எல்லோருக்கும் வாய் திரும்பிவிட்டது. பத்திரிகையைத் திறந்தால் டெல்லியில் பெரிய மனிதர்கள் செய்ததெல்லாம் பக்கம் பக்கமாக வருகிறது, ஜனங்கள் கொதிக்கிறார்கள். கொதிக்கட்டும். எங்கள் அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. மதில் நிற்கிறது. கேசரி தின்றவனைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் வராது.

நான் குரோம்பேட்டையில் ஒரு லாரி ஷெட்டில் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் வேலை முடிந்து ஏரிக்கரை மேல் நடந்து வரும்போது, வெள்ளை வேட்டியில் முன்பின் தெரியாத ஒருவர் எதிரே வந்தார். கையில் மஞ்சள் பை.

"இன்னா தம்பி, உங்க தெருவுல வாயத் தொறந்து யாருமே பேசமாட்டாங்களா? சலூன்ல கேட்டா தெரியாதுன்றான். இட்லிக்கார அம்மா மொதல்ல உன் பொண்ண இட்டாந்து காட்டு, அப்பால சொல்றேன்னு வெரட்டுது. ஒரு பையனப் பத்தி நாலு வார்த்த விசாரிக்கலாம்னு வந்தேன்."

"எந்தப் பையன்?" என்றேன்.

என் பெயரைச் சொன்னார்.

அவர் பின்னந்தலையைப் பார்த்தேன். ஒட்டத்தான் வெட்டியிருந்தது. வெயில் காலம், எல்லோரும் அப்படித்தான் வெட்டியிருந்தார்கள்.

"அப்படி யாரும் இங்க இல்ல" என்றேன்.

இரண்டு நாள் கழித்துக் கல்யாணத் தரகர் வந்து அம்மாவிடம் கத்திவிட்டுப் போனார். நல்ல இடமாம், பெண் டீச்சர் டிரெயினிங் முடித்தவளாம். விசாரிக்க வந்த பெண்ணின் அப்பாவிடம், அப்படி ஒரு பையனே இல்லை என்று எவனோ ஏரிக்கரையில் சொல்லிவிட்டானாம். "எந்தப் பாவி சொன்னது?" என்று அம்மா தெருவைப் பார்த்துக் கேட்டாள்.

நான்தான் சொன்னேன் என்றேன். அம்மா என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். அவள் திட்டவில்லை.

"பொண்ணு பேரு சொன்னாராடா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நான் கேக்கல."

"கேட்டிருந்தா மட்டும்?" என்று சொல்லிவிட்டு, தரகர் பேச்சைக் கேட்டு வெளியே எடுத்திருந்த ரவிக்கைத் துணியைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தாள்.