வதனி அக்கா பொறுமையானவர் அல்ல

செய்தி பின்னேர பஸ்ஸில் வந்தது. ஆஸ்பத்திரி நாட்களில் பக்கத்து வீட்டு வதனி அக்கா திரும்பி வருகிற பஸ் அது. அவருடைய நாய் விதானையார் வழக்கம்போல முன்கூட்டியே போய் ஸ்கந்தபுரம் சந்தியில் குந்தியிருந்தார். ரியூசன் முடிந்து வந்த நானும் சைக்கிளைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன். பஸ்ஸிலிருந்து அக்காவின் தமையன் சிவா அண்ணா மட்டும் இறங்கினார். அவருடைய கையில் அக்காவின் பை இருந்தது. விதானையார் பையை மணந்து பார்த்துவிட்டு, பஸ்ஸின் படியைப் பார்த்து வாலாட்டினார். பஸ் புறப்பட்டுப் போன பிறகும் வாலாட்டினார்.

"வீட்டை போய் அம்மாட்டைச் சொல்லு பிள்ளை," என்றார் அண்ணா. எதைச் சொல்வதென்று அவர் சொல்லவில்லை. நான் சைக்கிளைத் திருப்பினேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடிக்கும் இந்த நினைவு மலரில் ஒரு பக்கம் எழுதித் தரும்படி அண்ணாதான் கேட்டார். "நீதானே அவளோட இருந்து கதை எழுதினனி. பொறுமையான பிள்ளை எண்டு கட்டாயம் போடு," என்றார். செத்தவீட்டுக்கு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். பாவம், என்ன பொறுமை, ஒரு சொல் முணுமுணுக்காத பிள்ளை என்றார்கள். அக்காவுக்குக் கேட்டிருந்தால் எழும்பியிருந்து ஏசியிருப்பார். 'பாவம்' என்ற சொல்லை அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது.

இதை வாசிக்கிற உங்களில் பலர் அக்கா சமைத்ததைச் சாப்பிட்டிருப்பீர்கள். அவர் அதைச் சாப்பிட்டதில்லை. சிறுநீரகம் இரண்டும் பழுதான பிறகு கிழமையில் இரண்டு நாள் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்கப் போவார். மற்ற நாட்களில் வீடுதான். உப்பு, பழம், கீரை, இளநீர் ஒன்றும் ஆகாது. மரக்கறியை வெட்டி அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சக்கையைத்தான் சாப்பிடலாம். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. ஆனால் மாரியில் ஒடியல் கூழ், தையில் புது அரிசிப் பொங்கல், ஆவணியில் பனங்காய்ப் பணியாரம் என்று அந்தந்தக் காலத்துக்குரியதை அவர் சமைக்காமல் விட்டதில்லை. அடுப்பில் கொதி வந்ததும் வேலிக்கு மேலால் கூப்பிடுவார்.

"உப்புப் பார்க்க வாடி!"

எனக்குப் போக அனுமதியுள்ள இடங்கள் மூன்று. பள்ளிக்கூடம், ரியூசன், வதனி அக்காவின் குசினி. அதனால் புத்தகத்தை மூடிவிட்டு ஓடுவேன். ஒரு முறை கூழைக் குடித்துவிட்டு "நல்லா இருக்கு அக்கா," என்றேன். அகப்பையை ஓங்கிவிட்டார்.

"நல்லா இருக்கு எண்டு விதானையாரும் வாலாட்டிச் சொல்லுவார். நீ பத்தாம் வகுப்புப் படிக்கிறாய். எங்க உறைக்குது? முதல்லயோ, விழுங்கினாப் பிறகோ? றால் தனியாத் தெரியுதோ, கூழோட சேந்திட்டுதோ? சொல்லன், எனக்கும் கொஞ்சம் இறங்கட்டும்."

நான் கண்ணை மூடிக்கொண்டு யோசித்துச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை "பிறகு?" என்றார். பொறுமையானவர் அப்படிக் கேட்கமாட்டார்.

மனிதர்களை அவர் பானை மூடியால் அளந்தார். "மூடியைச் சும்மா சும்மா திறந்து பாக்கிற ஆக்கள் பயந்த ஆக்கள். அவையை நம்பலாம். திறந்தே பாக்காத ஆக்கள்தான் பொல்லாத ஆக்கள்," என்பார். சிவா அண்ணா எந்த ரகம் என்று கேட்டேன். "அவன் பானை எங்க இருக்கு எண்டே தெரியாத ரகம்," என்றார். தன் மூடியையோ அவர் திறந்து திறந்து பார்த்து, சோறு பாதி நாட்களில் அரை வேக்காடாகத்தான் இறங்கியது.

நாய்க்கு விதானையார் என்று பெயர் வந்ததற்குக் காரணம், அவர் ஊரதிகாரி விதானையைப்போலக் காலையில் ஒழுங்கையிலுள்ள எல்லா வீட்டையும் பார்வையிட்டுவிட்டு வருவதுதான். அவரை 'அது' என்று சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும். விதானையார் திரும்பி வந்ததும் அக்கா அவருடைய காலைத் தூக்கிப் பார்ப்பார். "கறுப்புச் சேறு. ஐயா வாய்க்காலில இறங்கியிருக்கிறார். நகத்துக்குள்ள உமி. மில்லடிக்கும் போயிருக்கிறார். மில்காரன்ர மனுசி கோவிச்சுக்கொண்டு தாய் வீட்டை போனவளெல்லோ, வந்திட்டாளோ எண்டு பாக்கப் போனவர்." இப்படியே அன்றைய கதை தொடங்கிவிடும். அக்கா நடந்து போகமுடியாத ஊரை நாயின் காலிலிருந்து நாங்கள் இருவரும் எழுதினோம்.

ஆனால் கதையை முடிப்பதில் எங்களுக்குள் சண்டை. என் கதைகளில் யாராவது ஒருத்தி கடைசியில் பஸ் ஏறிவிடுவாள். அதை வாசித்தால் அக்காவுக்குச் சிரிப்பு வரும்.

"உன்ர ஆக்கள் எல்லாரும் பஸ்ஸில ஏறினதோட தப்பீட்டினம் எண்டு நினைக்கிறாய். பஸ் திரும்பி வரும் பிள்ளை. என்னைக் கேள்."

"அப்ப உங்கட கதையில ஏன் ஒருத்தரும் வீட்டுப் படலையைக்கூடத் தாண்டுகினமில்லை?"

"தாண்டலாம். தாண்டினாப் பிறகு அவள் என்ன சாப்பிடுவாள், ஆர் அவளை எங்கயெண்டு கேப்பினம், எல்லாம் நீ எழுதித் தா. நான் படலையைத் திறந்துவிடுறன்."

என்னால் எழுத முடியவில்லை. நானும் படலையைத் தாண்டி அதிகம் போனவள் இல்லையே.

சென்ற வருடம் வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் முடிந்து, பாலைப்பழம் வரத் தொடங்கிய நேரம். காட்டோரத்தில் பொறுக்கிய பழங்களை மாமா ஒரு பனையோலைப் பெட்டி நிறையத் தந்தார். மணம் வேலி தாண்டிவிட்டது. அக்கா கூப்பிட்டார். அன்று உப்புப் பார்க்க அல்ல.

"ஒண்டு தா."

"டொக்டர் பழம் கூடாது எண்டவர் அக்கா."

"டொக்டரோ எனக்குப் பக்கத்து வீடு? ஒண்டே ஒண்டு."

நான் பெட்டியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அக்கா என்னை ஏசிய ஏச்சை இந்த மலரில் எழுத முடியாது. தடிச்சி என்றார், சிறைக்காவலி என்றார், நான் எழுதிய கதைகள் எல்லாம் தண்ணீர் ஊற்றி அவித்த கறி என்றார். பிறகு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். விதானையார் எழும்பி வந்து அவருடைய மடியில் தலையை வைத்தார். எனக்கு அந்தக் குசினியில் நிற்கவும் முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ தின். திண்டுபோட்டுச் சொல்லு," என்றார்.

நான் நாலைந்து பழங்களைத் தின்றுவிட்டுச் சொல்லப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. பாலைப்பழத்தின் பால் உதடு இரண்டையும் ஒட்டிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியிலிருந்து ஒரு பழத்தை எடுத்தார். நான் தடுக்கப் போக, கையைத் தட்டிவிட்டார். பழத்தைப் பிதுக்கி, கசிந்த பாலை விரலில் தொட்டு, உதட்டில் மட்டும் பூசினார். சதையை விதானையாருக்குக் கொடுத்தார். உதடுகளை இறுக்கிப் பிடித்துக் காத்திருந்தார். அவருக்கும் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் வாய் திறக்க முடியாமல், மூக்கால் சிரித்துக்கொண்டு குசினியில் இருந்தோம். அவர் ஒரு பழமும் சாப்பிடவில்லை. ஆனால் அந்த வருடத்துப் பாலைப்பழம் அவருக்கும் வந்து போனது.

அவர் பொறுத்துக்கொண்டவர் அல்ல. ஒவ்வொரு நாளும் பொறுக்கமாட்டாமல் இருந்தவர். அந்தப் பொறுக்கமாட்டாமைதான் அந்தக் குசினியில் இருந்த ஒரே யன்னல். எனக்குப் போக இப்போது இரண்டு இடங்கள்தான். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வதும் இரண்டுதான். 'நல்லா இருக்கு' என்று சொல்லி விட்டுவிடாத நாக்கு ஒன்று. காலையில் விதானையாரின் காலைத் தூக்கிப் பார்க்கிற பழக்கம் மற்றது. இந்த நாட்களில் அவருடைய காலில் வாய்க்கால் சேறும் இல்லை, உமியும் இல்லை. சந்திப் புழுதி மட்டும்தான் இருக்கிறது.

இந்த வருடமும் பாலைப்பழம் வந்துவிட்டது. இதை எழுதிக்கொண்டே தின்றேன். வேலிக்கு அப்பால் நின்று சிவா அண்ணா கேட்டார்.

"முடிஞ்சுதோ பிள்ளை? பொறுமையானவள் எண்டு போட்டனியோ?"

வாய் ஒட்டியிருந்தது. இல்லை என்று தலையை ஆட்டினேன்.